வாரிசுச் சான்றிதழும் சின்ன வீடும்

வேளச்சேரியில் ஒரு மனை கைமாற வேண்டுமானால் முதலில் தாய்ப்பத்திரம் கேட்பார்கள், அடுத்து வில்லங்கச் சான்றிதழ். உடையவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். இரண்டு தலைமுறையாகக் குடும்பம் வாய் திறக்காமல் வைத்திருந்த ‘சின்ன வீடு’ பல சமயம் வெளியே வருவது இந்த மூன்றாவது தாளுக்கு மனுப் போடும்போதுதான்.

ஒரு காலத்தில் இது ரகசியமே அல்ல. இந்து ஆண் ஒருவர் இரண்டாவது மணம் செய்துகொள்வதைச் சென்னை மாகாணத்தில் 1949 வரை சட்டம் தடுக்கவில்லை. மூத்தாள், இளையாள் என்று ஊரே பிரித்துச் சொன்னது. குழந்தை இல்லையென்று மனைவியின் தங்கையையே கட்டிவைத்ததும் உண்டு. 1949-இல் மாகாணத்தில் இருதாரத் தடைச் சட்டம் வந்தது. 1955-இன் இந்து திருமணச் சட்டம், முதல் மனைவி உயிரோடிருக்க நடக்கும் கல்யாணம் செல்லாது என்று நாடு முழுவதற்கும் ஆக்கியது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 1973-இன் நடத்தை விதிகளும் சேர்ந்துகொண்டன. வழக்கம் நின்றுவிடவில்லை, சத்தம்தான் அடங்கியது. கோயிலில் வைத்துத் தாலி ஏறியது, வேறு பேட்டையில் வீடு பார்க்கப்பட்டது, ரேஷன் கார்டில் மட்டும் பெயர் ஏறவில்லை. 1985-இல் பாக்யராஜ் தன் படத்துக்குச் ‘சின்ன வீடு’ என்று பெயர் வைத்தபோது, அதற்கு யாரும் பொருள் கேட்கவில்லை.

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தவரை வேளச்சேரி நிலத்துக்குப் பெரிய விலை இல்லை. தெரிந்தவர்கள் தெரியாததுபோல் இருந்துவிட முடிந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது, 2007-இல் பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்தது. வயல் மனையாகி, மனை அடுக்குமாடியானது. பேரனுக்கு எதிர் வீட்டுக்காரர் பெயரே தெரியாது, தாத்தாவின் பழைய கதை எங்கே தெரியப்போகிறது? ஆனால் மனு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனதும் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். “பெரியவருக்கு அந்தப் பக்கமும் ஒரு குடும்பம் உண்டே” என்று சொல்லப் பழைய தெருவில் ஒரே ஒரு கிழவர் மிஞ்சியிருந்தால் போதும். தகராறு முற்றினால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

அங்கே நிலைமை முன்போல் இல்லை. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகளே என்பதை இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் 1976-இல் செய்த திருத்தம் உறுதியாக்கியது. பெற்றோரின் சொத்தில் மட்டுமே அவர்களுக்கு உரிமை. பூர்விகச் சொத்து அதில் அடங்குமா என்ற வழக்கு நெடுங்காலம் இழுத்தது. 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: பூர்விகச் சொத்தில் தகப்பனுக்கு எவ்வளவு பங்கு வருமோ, அந்தப் பங்குக்குள் இவர்களுக்கும் உண்டு.

கணக்காகப் பார்த்தால் எளிது. பூர்விக நிலம் 24 சென்ட். பெரிய வீட்டில் மனைவி, ஒரு மகன், ஒரு மகள். சின்ன வீட்டில் ஒரு மகன். 2005-இன் திருத்தத்துக்குப் பிறகு மகளும் மகனைப் போலவே பங்காளி என்பதால் தகப்பன், மகன், மகள் மூவருக்கும் எட்டெட்டு சென்ட். தகப்பன் இறந்ததும் அவருடைய எட்டு சென்ட் நான்காகப் பிரியும். சின்ன வீட்டு மகனுக்கு இரண்டு சென்ட். அதே நிலம் தகப்பன் சுயமாகச் சம்பாதித்ததாக இருந்தால் அவனுக்கு ஆறு சென்ட்.

அவனைப் பெற்றவளுக்கு இரண்டு கணக்கிலும் ஒன்றும் வராது. இருதாரத் தடை வருவதற்கு முன்பு இளையாளாக வந்தவள் என்றால், 1956-இன் வாரிசுரிமைச் சட்டப்படி மூத்தாளோடு சேர்ந்து ஒரு பங்கைப் பகிர்ந்துகொண்டிருப்பாள். பின்னால் வந்தவள் அதே தாலியைக் கட்டிக்கொண்டும் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. இந்தச் சீர்திருத்தம் முதல் மனைவியைக் காத்தது உண்மை. அதற்கான விலையை, ஏமாற்றிய ஆணிடம் வாங்காமல் இவளிடம் வாங்கியது.

வீடு வாங்குபவரின் வக்கீலும் கடன் தரும் வங்கியும் வழக்கு முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள். அதனால் பல குடும்பங்கள் ஒரு தொகை பேசி முடித்து, சின்ன வீட்டுப் பிள்ளையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகின்றன. சார்பதிவாளர் முன் இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கைரேகை வைக்க வேண்டும். முகம் பார்ப்பதே சிலருக்கு அன்றுதான் முதல் தடவை. பதிவான பத்திரம் அந்த மனையின் வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரியாக ஏறுகிறது. எழுதிக் கொடுத்தவர் ஒரு வீட்டுப் பிள்ளை, எழுதி வாங்கியவர்கள் மற்ற வீட்டுப் பிள்ளைகள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கும் எவருக்கும் இனி அந்த வரி தெரியும்.