கதவு தட்டும் வயது

மழையில் நனைந்தபடி பிரஸ்டன் நகரத்துத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கும் அந்த இரண்டு பையன்கள் யார்? ஒரு மார்மன் மிஷனரியின் ஏழு நாட்கள்.

மார்மன் மிஷனரியின் வாரம் திங்கட்கிழமை துணி துவைப்பதில் தொடங்குகிறது. ஏழு நாளில் அவனுக்கென்று விடப்பட்ட நாள் அது ஒன்றுதான். அதுவும் மாலை ஆறு மணி வரைக்கும்தான். அதற்குள் வாரம் முழுக்க உடுத்திய வெள்ளைச் சட்டைகளைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். ரொட்டி, முட்டை, பாஸ்தா வாங்க வேண்டும். முடி வெட்டிக்கொள்ள வேண்டும். மிஷன் தலைவருக்கு வாரக் கடிதம் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவிடம் பேச வேண்டும்.

வாராவாரம் வீட்டுக்குப் பேசுவது அண்மையில் கிடைத்த சலுகை. 2019 பிப்ரவரி வரை கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டாரின் குரலைக் கேட்க முடியும். மற்ற வாரங்களில் கடிதம், பிற்பாடு மின்னஞ்சல். இப்போது வாரந்தோறும் வீடியோவிலேயே பேசலாம். இங்கிலாந்தின் பிரஸ்டனில் மாலை நான்கு மணி என்றால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காலை ஒன்பது. அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார். பையன் மழையைப் பற்றிச் சொல்வான். முகத்துக்கு நேரே சாத்தப்பட்ட கதவுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டான்.

இந்தக் கட்டுரையில் வரும் பையன் தனி ஒருவன் அல்லன். யூட்டாவிலிருந்து வடமேற்கு இங்கிலாந்துக்கு வந்துபோகும் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் எத்தனையோ பேரின் வாரம் இது.

யார் இவர்கள்?

1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் தொடங்கிய சபை இது. ஒரு தேவதூதர் காட்டிய பொன் தகடுகளிலிருந்து பெயர்த்தெழுதியதாகச் சொல்லி அவர் வெளியிட்ட நூல் 'மார்மன் புத்தகம்'. அதை வைத்து ஊரார் சூட்டிய பெயர்தான் மார்மன்கள். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பதே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். அந்த முழுப் பெயரையே வழங்குங்கள் என்று 2018-ல் தலைமை கேட்டுக்கொண்டது. ஊர் வாய் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. பலதார மணத்துக்காக உலகம் முழுதும் பழிக்கப்பட்ட இவர்கள், 1890-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். இன்று யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டு, 1.7 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு இயங்குகிறது சபை.

2024 இறுதியில் இவர்களிடம் 74,000-க்கும் அதிகமான முழுநேர மிஷனரிகள் இருந்தார்கள். பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். ஆண்கள் பதினெட்டு வயது முதல் போகலாம். இரண்டு ஆண்டு ஊழியம். பெண்களுக்குப் பதினெட்டு மாதம். எந்த நாட்டுக்கு என்பதைப் போகிறவர் கேட்க முடியாது. தலைமை முடிவு செய்து ஓர் அழைப்பு அனுப்பும். குடும்பமே கூடி உட்கார்ந்து அதைத் திறந்து படிப்பது யூட்டா வீடுகளில் ஒரு திருவிழா. பிரேசிலா, ஜப்பானா, பக்கத்து மாநிலமா என்பது அந்த நிமிடத்தில்தான் தெரியும்.

சம்பளம் கிடையாது. கைப்பணம் போட்டுத்தான் போக வேண்டும். அமெரிக்கக் குடும்பங்கள் 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் கட்டுகின்றன. விலைவாசி உயர்ந்த டோக்கியோவுக்குப் போனாலும் மலிவான ஊருக்குப் போனாலும் அதே தொகைதான். சின்ன வயதிலிருந்தே இதற்கென்று உண்டியலில் காசு சேர்க்கும் பிள்ளைகள் உண்டு.

செவ்வாய்: ஆறரை மணி

காலை ஆறரைக்கு எழுந்தாக வேண்டும். ஜெபம், அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. பிறகு வேதபாடம்: கொஞ்சம் தனியாக, கொஞ்சம் துணையோடு. பத்து மணிக்கெல்லாம் தெருவில் இருக்க வேண்டும். இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு வீடு, பத்தரைக்கு விளக்கணைப்பு. 2017-க்குப் பிறகு இந்த நேரங்களில் சற்று நெகிழ்வு வந்திருக்கிறது, ஆனாலும் சட்டகம் அதேதான்.

டிவி இல்லை. சினிமா இல்லை. காதல் கூடாது. நீச்சல்கூடக் கூடாது. கையில் ஸ்மார்ட்ஃபோன் உண்டு. அதில் என்ன இருக்கலாம் என்பதைச் சபை தீர்மானிக்கும். சொந்தப் பெயர்கூடப் பெட்டிக்குள் போய்விடுகிறது. மார்பில் குத்திய கருப்புப் பட்டையில் குடும்பப் பெயர் மட்டும். அதற்கு முன்னால் ஆணானால் 'எல்டர்', பெண்ணானால் 'சிஸ்டர்'. எல்டர் என்றால் மூப்பர். மீசை சரியாக முளைக்காத மூப்பர்.

தனிமை என்பதே கிடையாது. எங்கே போனாலும் இருவராகத்தான் போக வேண்டும். ஒரே அறையில் தூக்கம், ஒரே மேசையில் சாப்பாடு. துணையைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் இடமாற்றப் பட்டியல்தான் அதை முடிவு செய்யும். குறட்டை விடுகிறவனோ, ஓயாமல் பேசுகிறவனோ, நாள் முழுக்க வாயே திறக்காதவனோ, யார் வாய்த்தாலும் அடுத்த பட்டியல் வரும்வரை சேர்ந்தே இருக்க வேண்டும். அரசாங்கமோ சிறையோ இப்படிக் கட்டிப்போட்டால் மனித உரிமைப் பிரச்சினையாகும். இங்கே பையன்கள் பணம் கட்டி வருகிறார்கள்.

புதன்: தேநீர் வேண்டாம், அம்மா

பிரஸ்டன் இருக்கும் லங்காஷயர் பக்கத்து வரிசை வீடுகளுக்கு வாசல் நேராகத் தெருவில் திறக்கும். கதவு தட்ட வசதி. திறக்கிறவர்களும் பெரும்பாலும் மரியாதையானவர்கள். 'வேண்டாம்ப்பா, நன்றி' என்பதோடு முடிந்துவிடும். சிலர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். சிலர் வாக்குவாதத்துக்கு இழுப்பார்கள். பிரஸ்டனில் குஜராத்தி முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக உண்டு. அந்த வீட்டுப் பெரியவர்களில் சிலர் இவர்களை உட்காரவைத்து, தங்கள் மார்க்கத்தை விளக்க ஆரம்பித்துவிடுவார்கள். அழைக்கப் போனவன் அழைக்கப்படும் நேரம் அது.

மிகவும் சங்கடம், அன்பான கதவுகளில்தான். குளிரில் நடுங்கி நிற்கும் பையன்களைப் பார்த்து ஒரு பாட்டி, 'உள்ளே வாங்க கண்ணு, டீ போடறேன்' என்பார். மார்மன்களுக்கு டீ, காபி, மது, புகையிலை நான்கும் விலக்கு; 1833-ல் ஜோசப் ஸ்மித் கொடுத்த விதி. போதாக்குறைக்கு, பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் வேறொரு ஆண் இல்லாமல் இவர்கள் நுழையவும் கூடாது. டீ இல்லாமல் விருந்தோம்பல் இல்லாத ஒரு நாட்டில், வாசலிலேயே நின்று அந்தப் பாட்டியின் மனம் கோணாமல் மறுக்கத் தெரிய வேண்டும். வேதபாடத்தைவிட இது கஷ்டமான பாடம்.

பிரஸ்டனுக்கு ஏன்?

இந்த நகரம் மார்மன் வரலாற்றில் சாதாரண இடமில்லை. சபை முதன்முதலில் கடல்கடந்து ஆள் அனுப்பியது இங்கேதான். 1837 ஜூலையில் ஹீபர் கிம்பல் உள்ளிட்ட ஒரு சிறு குழு லிவர்பூலில் இறங்கிப் பிரஸ்டனுக்கு வந்தது. விக்டோரியா அரியணை ஏறிய ஆண்டு. ஊரில் தேர்தல் அமளி. அந்த மாதம் 30-ம் தேதி ரிபிள் ஆற்றில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம். யார் முதலில் மூழ்குவது என்பதற்கு இருவர் ஆற்றங்கரைக்கு ஓட்டப்பந்தயமே ஓடினார்கள். ஜார்ஜ் வாட் என்பவர் ஜெயித்தார்.

பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். 1850-களின் தொடக்கத்தில் யூட்டாவில் இருந்ததைவிட பிரிட்டனில்தான் மார்மன்கள் அதிகம். பிறகு அவர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். இன்று பிரஸ்டன் தெருவில் கதவு தட்டும் யூட்டாப் பையனின் கொள்ளுத் தாத்தாவின் தாத்தா இதே ஊர் ஆலையில் நூல் நூற்றவராக இருந்தால் ஆச்சரியமில்லை.

இதே காலத்தில் நம் ஊருக்கும் வந்தார்கள். 1853-ல் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் என்ற இருவர் மதராஸில் இறங்கினார்கள். சபை தன் பலதார மணத்தை அதற்கு முந்தைய ஆண்டுதான் பகிரங்கமாக அறிவித்திருந்தது. செய்தி இவர்களுக்கு முன்னாலேயே துறைமுகம் வந்து சேர்ந்துவிட்டது. பாலன்டைன் ஒரு பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓராண்டில் அவர் கப்பல் ஏறிவிட்டார்.

வியாழன்: குற்றம் சொல்லும் நேரம்

வாரத்தில் ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். யாரைப் பார்த்தோம், யார் திரும்ப வரச் சொன்னார், யார் ஞாயிறு ஆராதனைக்கு வருவதாகச் சொன்னார், எல்லாம் ஃபோனில் பதிவாகும்; மேலே இருக்கும் தலைவர்களுக்குப் போகும். விற்பனைப் பிரதிநிதிகளுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே புரியும்.

அதன் முடிவில் ஒரு சடங்கு உண்டு. இணையில் ஒருவன் மற்றவனிடம் தனக்கு என்ன மனத்தாங்கல் என்பதை நேருக்கு நேர் சொல்ல வேண்டும். நீ காலையில் எழ மாட்டேன் என்கிறாய், கதவு திறந்ததும் என்னைப் பேசவிடுவதே இல்லை, பாத்திரம் கழுவுவதே இல்லை. கேட்பவன் குறுக்கே பேசாமல் கேட்டு, தன் முறை வரும்போது சொல்வான். கல்யாணமாகி இருபது வருடமானவர்களே செய்யத் துணியாத காரியம்.

வெள்ளி, சனி, ஞாயிறு

பாடம் கேட்க ஒரு வீடு கிடைத்துவிட்டால் அந்த வாரமே பிரகாசமாகிவிடும். கற்றுத்தர வேண்டியது வரிசையாக உண்டு: ஜோசப் ஸ்மித் கண்ட தரிசனம், மார்மன் புத்தகம், பிறப்புக்கு முன்னும் இறப்புக்குப் பின்னும் ஆத்மாவின் பயணம், தசமபாகம், டீ விடுவது. ஆனால் கேட்பவர் முந்தைய இரவே கூகுளில் தேடிப் பார்த்திருப்பார். ஸ்தாபகருக்கு எத்தனை மனைவிகள்? முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் இருக்கலாம் என்று 2014-ல் சபையே தன் இணையதளத்தில் ஒப்புக்கொண்டது. கறுப்பினத்தவருக்கு 1978 வரை ஆசாரியப் பதவி தராதது ஏன்? பத்தொன்பது வயதுப் பையன் இதற்கெல்லாம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சிலர் அந்தக் கேள்விகளை முதன்முறையாகக் கேட்பதே இங்கே, இப்படி ஒரு வீட்டு சோபாவில்தான்.

சனிக்கிழமை யாருக்காவது தோட்டம் வெட்டிக் கொடுப்பது, வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்குவது என்று போகும். எப்போதாவது ஒரு ஞானஸ்நானம் இருந்தால் வெள்ளை உடுத்தி, முழுதும் நீரில் மூழ்க வைப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் ரொட்டியும், மதுவுக்குப் பதில் தண்ணீரும். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளை சாப்பிடாமல், அந்தச் செலவை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் வந்திருக்கிறாரா என்று ஆராதனை முழுக்கப் பையனின் கண் வாசலிலேயே இருக்கும். பெரும்பாலும் வந்திருக்க மாட்டார்.

கணக்கு என்ன சொல்கிறது?

2024-ல் உலகம் முழுதும் சபையில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் 3,08,000-க்கும் மேல். மிஷனரிகள் எண்ணிக்கையால் வகுத்தால், இவ்வளவு தியாகத்துக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு பேர்தான். ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் சேர்கிறவர்கள் அதிகம், ஐரோப்பாவில் சொற்பம். இரண்டு ஆண்டில் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் திரும்புகிறவர்களும் உண்டு.

அப்படியானால் எதற்கு இந்த ஏற்பாடு? பதில் பிரஸ்டனிலேயே இருக்கிறது. 1933-ல் யூட்டாவிலிருந்து கார்டன் ஹின்க்லி என்ற இளைஞர் இதே நகரத்துக்கு வந்தார். கேட்பாரில்லை, உடம்பும் சரியில்லை. தன் நேரமும் அப்பாவின் பணமும் வீணாகிறது என்று வீட்டுக்கு எழுதினார். உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார் என்ற பொருளில் அப்பா சுருக்கமாகப் பதில் போட்டார். அந்த இளைஞர் 1995-ல் சபையின் உலகத் தலைவரானார். பிரஸ்டனை அடுத்த சோர்லியில் எழுந்த பெரிய ஆலயத்தை 1998-ல் அவரே பிரதிஷ்டை செய்தார். பிரஸ்டன் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. வந்தவரை மாற்றி அனுப்பியது.

மதத்துக்கு வெளியிலும் இந்தப் பயிற்சி விலைபோகிறது. ஒயின் கூடாது என்ற மதத்தை 1960-களில் ஃபிரெஞ்சுக்காரர்களிடம் கொண்டுபோன மிட் ராம்னி, பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றார். தைவானில் ஊழியம் செய்து சீன மொழி கற்ற ஜான் ஹன்ட்ஸ்மன், சீனாவுக்கே அமெரிக்கத் தூதரானார். ஏழு பழக்கங்களைப் பற்றி எழுதி நம் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் இடம்பிடித்த ஸ்டீபன் கவி, இங்கிலாந்தில் ஊழியம் செய்தவர். வேண்டாம் என்ற சொல்லைப் பல்லாயிரம் முறை கேட்டுப் பழகியவனை அதற்கப்புறம் எந்தச் சந்தையும் எளிதில் பயமுறுத்திவிடாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மனச்சோர்வாலோ நம்பிக்கை தளர்ந்தோ பாதியில் திரும்பும் பையனை யூட்டாவில் அக்கம்பக்கம் பார்க்கும் பார்வை லேசானதல்ல. இரண்டு ஆண்டை முடித்தவனுக்கு விமான நிலையத்தில் பலூனும் பதாகையும். எட்டு மாதத்தில் வந்தவனுக்கு மௌனம். போகவே மாட்டேன் என்று சொல்ல அங்கே இன்னும் அதிகத் துணிச்சல் வேண்டும். பதினெட்டு வயதில் எடுக்கும் முடிவில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு வீட்டாரின் எதிர்பார்ப்பு என்று எடைபோடுவது கடினம்.

மதமாற்றம் என்றதும் கதவுக்கு உள்ளே இருப்பவரைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம். மார்மன் சபை கெட்டிக்காரத்தனமாக வேறொருவரைக் குறிவைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு தினமும் தன் நம்பிக்கையை அந்நியர்களிடம் உரக்கச் சொல்லி, அதற்காக அவமானமும் பட்டவன், அதை அவ்வளவு எளிதில் விட்டுவிட மாட்டான்; பட்டபாடு விடாது. நாளை தன் மகன் உண்டியலில் காசு சேர்க்க ஆரம்பிக்கும்போது தடுக்கவும் மாட்டான். சபைக்கு வேண்டிய ஆள் கதவுக்கு வெளியே நிற்கிறான்.