கர்ப்பிணிகளும் புகையிலையும்: மருந்து எவ்வளவு உதவும்?

ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள சங்கங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லும்போது, கணக்குப் புத்தகங்களில் இல்லாத கேள்விகளும் நம்மிடம் கேட்கப்படுவதுண்டு. ‘புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கு மருந்து வந்துள்ளதாமே, கர்ப்பிணிகள் அதை உட்கொள்ளலாமா?’ என்பது அவற்றுள் ஒன்று. அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படும் என்பதால் இதற்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

நம் நாட்டுப் பெண்களில் புகைப்பவர் மிகச் சிலரே. 2016-17ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்த பெண்களில் புகைப்பவர் நூற்றுக்கு 2 பேர். புகையிலையை மெல்வது முதலிய வகைகளில் உபயோகிப்பவரோ ஏறத்தாழ 13 பேர். விடியுமுன் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் புறப்படும் பெண், பசியும் அலுப்பும் தெரியாதிருக்க வெற்றிலை பாக்குடன் ஒரு துண்டுப் புகையிலையையும் வாயில் அடக்கிக்கொள்கிறாள். மசக்கைக் குமட்டலுக்கு அது இதமாயிருப்பதாக எண்ணுவோரும் உண்டு.

புகை இல்லையாதலால் தீங்கும் இல்லை என்று கருதுவது தவறு. பம்பாயில் 1,217 பெண்களைக் கண்காணித்துச் செய்த ஆராய்ச்சி 2004இல் வெளியாயிற்று. புகையிலை மெல்லும் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்தும், ஏறக்குறைய ஆறு நாட்கள் முன்னதாகவும் பிறந்தமை அதில் தெரியவந்தது. இரண்டரைக் கிலோவையே எட்டிப் பிடிக்கும் சிசுவுக்கு நூறு கிராம் அற்பமன்று. புகையிலையிலுள்ள நிகோடின், தாயின் இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவையும் அடைகிறது. இரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. பீடி, சிகரெட்டுப் புகையிலோ கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவும் சேர்ந்து, சிசுவுக்குச் செல்லும் பிராணவாயுவைக் குறைக்கிறது.

இனி மருந்துகளைப் பார்ப்போம். அவை இரு வகை. பியூப்ரோபியான், வாரெனிக்ளின் என்னும் மாத்திரைகள் ஒரு வகை. கர்ப்பிணிகளுக்கு இவற்றைச் சிபாரிசு செய்வதற்கில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2013இல் தெரிவித்தது. மற்றது, நிகோடினையே சிறு அளவில் தரும் மெல்லும் பசையும் தோலில் ஒட்டும் பட்டையும். இவற்றைக் கொடுக்கலாம் என்றோ கூடாது என்றோ அந்த ஸ்தாபனம் முடிவு கூறவில்லை.

இங்கிலாந்தில் புகைபிடித்துவந்த 1,050 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2012இல் வெளியாயிற்று. பிரசவம் வரை புகையை அறவே விட்டவர்கள், மருந்துப் பட்டை ஒட்டியவரில் நூற்றுக்கு 9.4 பேர், மருந்தில்லாப் பட்டை ஒட்டியவரில் 7.6 பேர். இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கொண்டு மருந்து பலித்தது என்று சொல்ல இயலாது. பெரும்பாலோர் ஒரு மாதம்கூட மருந்தைத் தொடரவில்லை. மேலும், கர்ப்ப காலத்தில் உடல் நிகோடினை மிக விரைவில் கழித்துவிடுவதால், வழக்கமான அளவு போதாமற் போவதும் உண்டு.

ஆகவே, கடையில் கிடைக்கிறது என்பதற்காக எந்த மருந்தையும் கர்ப்பிணி தானே வாங்கி உபயோகித்தல் கூடாது. முதற் பரிசோதனையிலேயே டாக்டரிடமோ நர்ஸிடமோ பழக்கத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ராயபுரம் அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை நம் பகுதிக்கு அருகிலேயே உள்ளது. நிகோடின் பசை அவசியமா, எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டரே. 1800-11-2356 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம். புகையிலையை விட்டுப் பாக்கைத் தொடர்வதும் சரியன்று. பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே.

தொடர்ந்த ஆலோசனையும் வீட்டாரின் துணையுமே கர்ப்பிணிக்கு முதல் மருந்து. மருமகள் விட்ட வெற்றிலைத் தட்டை மாமியார் மீண்டும் அவள் முன் நீட்டலாகாது. புருஷன் பீடியை வீட்டிலும் தறிக் கொட்டகையிலும் பற்றவைக்கலாகாது. தானும் விட்டுவிடுதல் இன்னும் உத்தமம். புகையிலை விளைவிக்கும் அங்கத்தினர்களும் தம் வீட்டுக் கர்ப்பிணிகளை இலையைக் கையாளும் வேலையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். ஈர இலையைத் தொடுவதாலும் நிகோடின் உடலில் ஏறும். சங்கப் பண்டகசாலைகள் புகையிலையைக் கடனுக்குக் கொடுப்பதில்லை என்று அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானிக்கலாம். பழக்கத்தை விட முயலும் தாயைத் தனியே விட்டுவிடாதிருப்பதும் கூட்டுறவின் கடமையே என்பது நம் அபிப்பிராயம்.