காலுக்குத் தெரியாத அதிர்வும் கரைக்கு வரும் அலையும்

கரையோரக் கிராமங்களில் மீள்குடியேறும் குடும்பங்கள் மனதில் ஒரு கேள்வி இருக்கும்: "நிலம் நடுங்கினால் தெரியும்தானே, அப்போது ஓடினால் போதாதா?" போதாது என்பதே பதில். அதற்கான காரணத்தை நீங்களும் உங்கள் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் உடையத் தொடங்கியது. அந்த உடைவு சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடியது. அதன் அளவு 9.1. ஆனால் இலங்கையில் பெரும்பாலானோர் எந்த நடுக்கத்தையும் உணரவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் அலை கிழக்குக் கரையை அடைந்தது.

ஏன் தெரியவில்லை?

நில அதிர்வில் வேகமான துடிப்புகளும் மெதுவான துடிப்புகளும் கலந்திருக்கும். ஒரு செக்கனில் எத்தனை தடவை துடிக்கிறது என்பதையே மீடிறன் என்கிறோம். தூரத்துக் கோயிலில் திருவிழா நடக்கும்போது தவிலின் 'தொம்' என்ற ஒலி வீடுவரை வரும். தாளத்தின் மெல்லிய 'கிண்' ஒலி வராது. நிலத்திலும் அப்படியே. உயர்ந்த மீடிறன் துடிப்புகள் வழியிலேயே அடங்கிவிடும். தாழ்ந்த மீடிறன் துடிப்புகள் நெடுந்தூரம் போகும். அவை மிக மெதுவாக அசைவதால் நம் கால் உணராது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் உள்ளது போன்ற அதிர்வுப் பதிவுக் கருவிகள் உணரும்.

மெதுவாக உடையும் நிலம்

சில நிலநடுக்கங்கள் பிறக்கும் இடத்திலேயே மென்மையாகத் தெரியும். பாறை படீரென்று உடையாமல் மெதுவாக விலகுவதே காரணம். நிலம் பலமாகக் குலுங்காது. ஆனால் கடலடி உயர்ந்து பெருமளவு நீரைத் தள்ளிவிடும். யப்பானிய விஞ்ஞானி ஹிரோ கனமோரி 1972இல் இவற்றுக்கு 'சுனாமி நிலநடுக்கம்' என்று பெயரிட்டார்.

1896இல் யப்பானின் சன்ரிக்கு கரையில் மென்மையான அதிர்வுக்குப் பின் வந்த அலையில் சுமார் 22,000 பேர் இறந்தனர். 2010 ஒக்ரோபர் 25 இரவு இந்தோனேசியாவின் மெந்தாவாய் தீவுகளிலும் இதுவே நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2009இல், பாடாங் நிலநடுக்கம் பலமாகக் குலுக்கியும் பெரிய அலை வரவில்லை. இந்தத் தடவை அதிர்வு மெதுவாக இருந்ததால் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஆழத்தின் முணுமுணுப்பு

2002இல் யப்பானிய ஆய்வாளர் கசுஷிகே ஒபாரா, சுமார் 30 கிலோமீற்றர் ஆழத்திலிருந்து இடைவிடாமல் வரும் மெல்லிய நடுக்கத்தைக் கண்டறிந்தார். அது தாழ்ந்த மீடிறன் கொண்ட சிறு நிலநடுக்கங்கள் பல கூட்டமாகச் சேர்ந்து உண்டாவது என்று டேவிட் ஷெலி, கிரெகரி பெரோசா, சதோஷி இதே ஆகியோர் 2007இல் காட்டினர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஏறத்தாழ 14 மாதங்களுக்கு ஒரு தடவை இது திரும்ப வருகிறது.

புவித்தட்டின் ஆழமான பகுதி சத்தமின்றி நழுவுவதையே இந்த முணுமுணுப்பு காட்டுகிறது. அந்த நழுவல், மேலே பூட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் மீது இன்னும் பாரம் ஏற்றலாம். ஆனால் பெரும்பாலான தடவைகளில் பெரிய நிலநடுக்கம் எதுவும் தொடர்வதில்லை. எனவே எந்த விஞ்ஞானியாலும் நாளும் நேரமும் குறித்துச் சொல்ல முடியாது. "நாளை இரவு சுனாமி வரும்" என்று கைத்தொலைபேசியில் வரும் செய்திகளை நம்பவோ பரப்பவோ வேண்டாம்.

எச்சரிக்கை எப்படி வருகிறது?

2004இல் பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் முதலில் கணித்த அளவு 8.0 மட்டுமே. உண்மையில் வெளிப்பட்ட சக்தி அதைப்போல் சுமார் 40 மடங்கு. மிகப் பெரிய நிலநடுக்கத்தின் முழு அளவு மெதுவான அலைகளிலேயே இருக்கிறது. இன்று அந்த அலைகளைக் கொண்டு அரை மணி நேரத்துக்குள் சரியான அளவை மதிப்பிடுகிறார்கள்.

2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகள் இந்து சமுத்திர நாடுகளுக்குத் தகவல் தருகின்றன. இலங்கையில் வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கையை வெளியிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மக்களிடம் சேர்க்கும்.

2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவு நிலநடுக்கத்துக்குப் பின் கரையோர மக்கள் வெளியேறினார்கள். பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை வரவில்லை. அன்று ஓடியது வீண் அல்ல. அடுத்த தடவையும் அப்படியே ஓட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• நடுக்கம் தெரியவில்லை என்று காத்திருக்க வேண்டாம். உத்தியோகபூர்வ எச்சரிக்கை வந்தவுடன் புறப்படுங்கள்.

• கரையில் நிற்கும்போது மென்மையான அதிர்வு நீண்ட நேரம் நீடித்தால், அறிவித்தல் வரும்வரை நிற்காமல் மேட்டு நிலத்துக்குப் போங்கள்.

• கடல் உள்வாங்கினால் உடனே விலகுங்கள். உள்வாங்காமலும் அலை வரலாம். 2004இல் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் வற்றியது. நமது பக்கம் வந்த அலையின் முன்பகுதி நீர் ஏற்றமாகவே புறப்பட்டது.

• முதல் அலையோடு முடிந்துவிடாது. பின்னால் வருவது இன்னும் பெரிதாக இருக்கலாம். வள்ளத்தையும் வலையையும் பார்க்கத் திரும்ப வேண்டாம். ஆபத்து நீங்கியது என்ற அறிவித்தல் வரும்வரை மேட்டிலேயே இருங்கள்.

• புதிய வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே வெளியேறும் பாதையைக் கிராம அலுவலரிடம் கேட்டறிந்து, குடும்பத்தோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். முதியோரையும் கைக்குழந்தைகளையும் யார் கூட்டிச் செல்வது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

• சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.

சுமாத்திராக் கடலடியிலிருந்து நமது கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுக்கும். 2004இல் அந்த நேரம் நம் கையில் இருந்தது, செய்திதான் இருக்கவில்லை. இன்று செய்தி வரும். அது வரும்போது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாதை தெரிந்திருக்கட்டும்.