அரையாண்டுத் தேர்வு யாருக்காக?

மதிப்பெண்ணின் கதை – 9

2020 ஜூன் 9 அன்று தமிழக அரசு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்தது. கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போன தேர்வு அது. ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் எழுதாமலே தேர்ச்சி பெற்றார்கள். ஆனால் சான்றிதழில் மதிப்பெண் போட்டாக வேண்டுமே! காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடு, வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடு என்று கணக்கு வகுத்தார்கள். ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டிய தேர்வுகள், ஒரே அறிவிப்பில் அரசுச் சான்றிதழுக்கு அடித்தளமாகிவிட்டன. மறு ஆண்டு பிளஸ் டூ தேர்வும் ரத்தானது. பள்ளிகள் பெரும்பாலும் மூடிக் கிடந்த ஆண்டு என்பதால் அப்போது வேறு வழி பார்த்தார்கள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு. நெருக்கடியில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். அரசைக் குறை சொல்லவில்லை. பள்ளித் தேர்வைப் பொதுத்தேர்வின் இடத்தில் இவ்வளவு எளிதாக வைக்க முடிந்தது எப்படி என்பதுதான் என் கேள்வி. பல ஆண்டுகளாகவே அது பொதுத்தேர்வின் நகலாக மாறியிருந்ததால்தான் முடிந்தது. அந்த மாற்றத்தில் பிள்ளைகள் இழந்தது பெரிது.

இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. பொதுத்தேர்வில் மாணவரின் பெயரும் பள்ளியும் மறைக்கப்படுகின்றன. முன்பின் அறியாத ஓர் ஆசிரியர், திருத்தும் முகாமில் கட்டுக் கட்டாக வரும் தாள்களை விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு திருத்துகிறார். கூடலூர்ப் பிள்ளையையும் சென்னைப் பிள்ளையையும் ஒரே கோலால் அளக்க இதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் மே மாதம் முடிவு வரும்போது பிள்ளை அந்த வகுப்பைத் தாண்டியிருக்கும். பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினாலொழியத் தான் எங்கே தவறினோம் என்று பார்க்கவும் வழியில்லை. பள்ளித் தேர்வில் திருத்துபவருக்குக் கையெழுத்தைப் பார்த்தாலே ஆள் தெரியும். முக்கோணவியல் கணக்கில் ஒருத்தி முற்றொருமையே தெரியாமல் நின்றிருப்பாள். இன்னொருத்தி எல்லாம் தெரிந்தும் கடைசிப் படியில் கழித்தல் குறியை விட்டிருப்பாள். விடை இருவருக்கும் தப்புதான். முதலாமவளுக்குப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும், இரண்டாமவளுக்கு நிதானம் சொல்லித் தர வேண்டும் என்பது அந்த ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். வகுப்பில் பாதிப்பேர் ஒரே படியில் சறுக்கியிருந்தால் தான் நடத்திய விதத்தில்தான் கோளாறு என்பதும் புரியும். பள்ளித் தேர்வு இதற்காகத்தான் இருக்கிறது.

நடப்பது வேறு. வினாத்தாள் பல நேரம் மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ பொதுவாக வருகிறது. நான்காம் பாடத்தில் நிற்கும் வகுப்புக்கு ஆறாம் பாடத்திலிருந்து கேள்வி வருகிறது. அதே மூன்று மணி நேரம், அதே ஒரு மதிப்பெண் வினாக்கள், அதே விடைக்குறிப்பு. அரையாண்டு முடிந்ததும் முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல் என்று ஒத்திகைக்கு மேல் ஒத்திகை. தேர்ச்சி விழுக்காடு மேலதிகாரிகளின் ஆய்வுக் கூட்டத்துக்குப் போகிறது. அங்கே பதில் சொல்ல வேண்டிய தலைமையாசிரியர், தவறுகளை அலச இரண்டு பீரியட் ஒதுக்குவாரா, அடுத்த தேர்வுக்குத் தேதி குறிப்பாரா?

பொதுத்தேர்வு பள்ளித் தேர்வை விழுங்கிவிடுவதற்குப் பதினொன்றாம் வகுப்பின் கதை தெளிவான சான்று. அந்த வகுப்பின் இறுதித் தேர்வு பள்ளியின் கையில் இருந்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் அந்தப் பாடத்தையே ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை நடத்தின. இதைத் தடுக்க 2017-18 கல்வியாண்டில் அங்கும் பொதுத்தேர்வு வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதினார்கள். அந்த மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று அடுத்த ஆண்டே அறிவித்தார்கள். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அந்தத் தேர்வே கைவிடப்பட்டது. பாடம் நடத்தாத பள்ளிகளைக் கண்காணிக்க வேண்டிய வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளைகளின் தலையில் ஏற்றியது தவறான மருந்து. அதை நிறுத்தியது சரியே. ஆனால் நோய் அப்படியே இருக்கிறது.

பள்ளித் தேர்வை முழுதாகப் பள்ளியின் கையிலேயே விட வேண்டும் என்றால், வேண்டியவருக்கு மதிப்பெண்ணை அள்ளிப் போடுவார்கள், சாதி பார்ப்பார்கள் என்ற மறுப்பு எழும். தள்ளிவிடக்கூடிய மறுப்பு அல்ல இது. பெயர் தெரியாத திருத்துநரிடம் மட்டுமே நியாயம் கிடைக்கும் என்று நம்பும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. அதனால்தான் சான்றிதழையும் கல்லூரி இடத்தையும் முடிவு செய்யும் வேலை பொதுத்தேர்விடமே இருக்கட்டும் என்கிறேன். பள்ளித் தேர்வின் மதிப்பெண் எந்த இடத்தையும் வாங்கித் தராது என்றால் அதைக் கூட்டிப் போடுவதில் யாருக்கு என்ன லாபம்? ஒத்திகை இல்லாவிட்டால் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள் என்பார்கள். பழக்கத்துக்கு பிப்ரவரியில் ஒரு திருப்புதல் தேர்வு போதும். பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று அரசு எப்படி அறியும் என்று கேட்டால், அதற்கும் வழி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நடந்த மாநில அடைவு ஆய்வு எந்தப் பிள்ளையின் தேர்ச்சியையும் தொடாமலே அந்தத் தகவலைத் திரட்டியது.

காலாண்டு வினாத்தாளை அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியரே தயாரிக்கட்டும். விடைத்தாள் கொடுத்த பின் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பீரியட், தவறுகளைப் பேசுவதற்கென்றே கால அட்டவணையில் இடம்பெறட்டும். அந்த மதிப்பெண்கள் பள்ளி வாசலைத் தாண்டி ஆய்வுக் கூட்டத்துக்குப் போக வேண்டாம். பொதுத்தேர்வின் நெருக்கடி விலகிய பதினொன்றாம் வகுப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

(தொடரும்)