தெற்கே மூன்று பாகை

பள்ளிக்கூட அட்லஸை விரித்துப் பாருங்கள். சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் 13 பாகை வடக்கில். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி 9.8 பாகையில். இரண்டும் 80 பாகைத் தீர்க்கக் கோட்டை ஒட்டியே கிடக்கின்றன, ஆகவே பாதை நேர் தெற்கு. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் சுமார் 355. சென்னையிலிருந்து மதுரைக்குப் பறந்தாலே 400க்கு மேல் வரும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருக்கும் என் அக்கா வீடு மதுரையைவிடக் கிட்ட!

அந்த வீட்டுக்குத்தான் பல வருடம் ஒரு பகலும் ஒரு இரவும் பயணம் செய்தேன். கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவுக்கு 650 கிலோமீட்டர் பறந்து, கொழும்பில் இரவு பஸ் பிடித்து, வந்த திசையிலேயே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும். சென்னைக்கும் கொழும்புக்கும் கோடு போட்டால் அது யாழ்ப்பாணத்தை உரசிக்கொண்டுதான் போகும். "தலைக்கு மேலால போறாய், இறங்கத்தான் வழியில்லை" என்பாள் அக்கா.

வழி முன்பு இருந்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்றால் இதே பலாலிதான். போர்க் காலத்தில் அந்த வழி இல்லாமல் போனது. 2019இல் பலாலி வெளிநாட்டு விமானங்களுக்கு மறுபடி திறந்தது. கொரோனாவில் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது.

டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கும். கொழும்புக்கும் கிட்டத்தட்ட அதேதான். பாதித் தூரத்துக்கு ஏன் அத்தனை நேரம்? பலாலிக்குப் போவது விசிறி சுழலும் ஏடிஆர் விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் அதற்குப் பெரிய வேகம், ஜெட்டோ 800ஐத் தாண்டும். தவிர, டிக்கெட் நேரம் பறக்கும் நேரமல்ல. நின்ற இடத்தைவிட்டு விமானம் அசைவதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை எல்லாம் கணக்கு. சென்னையில் ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்வதும் அதில் அடக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. முழு வேகத்தில் போவது அரை மணி நேரம் இருந்தால் அதிகம். இவ்வளவு குறுகிய பறப்பில் ஜெட் மிச்சப்படுத்தும் நிமிடங்கள் சொற்பம். ஏடிஆர் எரிபொருளும் குறைவாகக் குடிக்கும், சின்ன ஓடுபாதையே அதற்குப் போதும்.

எனக்கு ஏடிஆர்தான் பிடிக்கும். பின்கதவால் ஏறி வலப்பக்க ஜன்னலில் உட்காருவேன். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் பார்வையை மறைக்காது. மேகமில்லாத நாளில் கோடியக்கரை முனை வரை கரை கூடவே வரும்.

மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போவது, குடியகல்வு வரிசை, அங்கே மறுபடி வரிசை. இதையெல்லாம் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணி நேரம். பஸ்ஸில் போன காலத்தில், அக்காவுக்கென்று மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிய இட்லி வவுனியா தாண்டுமுன் நூல் விட்டுவிடும். போன தடவை அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்றை விண்டு வாயில் போட்டாள்.

"விடியக் காலமை அவிச்சதோ?"