ஒரு பிடி மண்ணிலிருந்து பல்கலைக்கழகம் வரை

அமெரிக்காவில் பள்ளி முடித்ததும் நேராகப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகாமல், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. கட்டணம் குறைவு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். இங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு நான்காண்டுக் கல்லூரிக்கு மாறி, மீதியை முடித்துப் பட்டம் வாங்கலாம். நம்மூரில் டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாமாண்டில் சேர்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901-இல் ஆரம்பித்த ஏற்பாடு இது.

காகிதத்தில் சுலபமாகத்தான் இருக்கிறது. சேரும்போது பத்தில் எட்டுப் பேருக்குப் பட்டம் வாங்கும் ஆசை. ஆறு ஆண்டுக்குள் பட்டம் கைக்கு வருவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான். பணக் கஷ்டம், குடும்பப் பொறுப்பு எல்லாம் உண்டு. அவற்றைத் தாண்டி மாறிப் போனவருக்கும் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. கூடப் படிக்கிறவர்கள் முதல் ஆண்டிலிருந்தே பேராசிரியரின் ஆய்வகத்தில் புழங்கியவர்கள். பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவருக்கு அங்கே ஒரு முகமும் தெரியாது.

ஆய்வுப் பயிற்சியைக் கம்யூனிட்டி காலேஜுக்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கோடை விடுமுறையில் உதவித்தொகையோடு பல்கலைக்கழக ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் நல்லவைதான். ஆனால் கடையில் ஷிஃப்ட் பார்ப்பவரும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் இரண்டு மாதம் வெளியூரில் தங்க முடியுமா? என்னைக் கேட்டால், ஆய்வு வகுப்பின் கால அட்டவணைக்குள்ளேயே வந்துவிட வேண்டும்.

அப்படி வந்த ஒன்றுதான் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல்லும் 2008-இல் கல்லூரிகளுக்கு விரித்த சீ-ஃபேஜஸ் திட்டம். கம்யூனிட்டி காலேஜ்களும் இதில் இருக்கின்றன. மாணவர் தோட்டத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வருவார். திரவத்தில் கலக்கி, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் இறக்கி, வடிந்ததைக் காசநோய்க் கிருமியின் சாதுவான உறவுக்கார பாக்டீரியாவோடு சேர்த்துத் தட்டில் ஊற்றுவார். ஓரிரு நாளில் தட்டு முழுக்க மங்கலாகப் படர்ந்திருக்கும். நடுநடுவே கண்ணாடிபோல் தெளிந்த புள்ளிகள் தெரிந்தால், அங்கே பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் இருக்கிறது. அதைப் பிரித்து, டி.என்.ஏ. எடுத்து, தான் விரும்பிய பெயரும் வைக்கலாம். விடை வாத்தியாருக்கும் தெரியாத பரிசோதனை என்பதுதான் இதில் விசேஷம்.

விளையாட்டு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதேபோல மாணவர் ஒருவர் அழுகிய கத்தரிக்காயிலிருந்து எடுத்த வைரஸ், வேறு இரண்டு வைரஸ்களோடு சேர்த்து, 2018-இல் லண்டனில் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பின் பரவி, ஆன்ட்டிபயாடிக்குக்கு மசியாத அவளது தொற்று வெகுவாக அடங்கியது.

ஆனால் ஆய்வகம் மட்டும் போதாது. கல்லூரி மாறுகிற மாணவர்கள் முடித்த பாடங்களுக்குக் கிடைத்த கிரெடிட்டில் சராசரியாக 43 சதவீதத்தைப் பறிகொடுக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் கணக்குச் சொன்னது. ஆய்வு வகுப்பில் வாங்கிய கிரெடிட்டை அடுத்த கல்லூரி முதன்மைப் பாடமாக ஏற்குமா, விருப்பப் பாடம் என்று ஓரங்கட்டுமா? சேரும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் எந்தப் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று அசிஸ்ட் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வதே உத்தமம்.