சூடேறாத இயந்திரமும் பழுதுதான்

மாணவர்களே, இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகி, சாலையோரத்தில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நேர்மாறான பழுது ஒன்றும் உண்டு. அதுதான் இயந்திரம் தேவையான அளவுக்குச் சூடாகாமலே ஓடுவது. வெப்ப நாடான மலேசியாவில் இது எப்படி நடக்கும்?

கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் என் மாமாவிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு அவருடன் அதில் இறங்கினேன். வெப்பநிலையைக் காட்டும் முள் நடுப்பகுதிக்கு வரவே இல்லை. இறக்கத்தில் அது இன்னும் கீழே போனது.

“முள்ளு ஏறலன்னா நல்லதுதானேம்மா? சூடாகி நின்னாத்தானே செலவு” என்றார் மாமா. ஆனால், வண்டி முன்பைவிட அதிகமாக டீசல் குடிக்கிறது, காலையில் வெள்ளைப் புகை நெடுநேரம் வருகிறது என்று குறைபட்டுக்கொண்டவரும் அவர்தான்.

இயந்திரத்திற்கு ஏன் சூடு தேவை? குளிர்ந்த உருளைக்குள் டீசல் முழுமையாக எரியாது. எரியாத டீசல்தான் வெள்ளைப் புகையாக வெளியேறுகிறது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் உராய்வும் கூடும். இன்னொரு காரணம் உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உருவாகிறது! டீசலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்வதே காரணம். இந்த நீராவியின் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி இயந்திரத்தின் அடிப்பகுதிக்குக் கசியும். இயந்திரம் சூடாக இருந்தால் அது ஆவியாகவே வெளியேறும். குளிர்ந்திருந்தால் நீராகி எண்ணெயில் கலந்து, அதைச் சேறாக்கிவிடும். உள்ளுறுப்புகள் மெல்ல மெல்லத் தேயும்.

சரி, பழுது எங்கே? பொருளை வாங்கி மாற்றிப் பார்ப்பதற்கு முன், அறிவியல் பாடத்தில் செய்வதுபோல் உற்றறிந்து, கருதுகோள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம்.

முதல் கருதுகோள்: முள் தவறாகக் காட்டுகிறது. இயந்திரம் முற்றிலும் ஆறியிருந்த காலை வேளையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்த்தோம். நீர் குறைந்திருந்தால் உணரி நீரில் மூழ்காமல் இருக்கும். அப்போது இயந்திரம் கொதித்தாலும் முள் ‘குளிர்ச்சி’ என்று காட்டக்கூடும். இது மிக ஆபத்தானது. மாமாவின் வண்டியில் நீர் நிறைவாகவே இருந்தது. பிறகு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, அகச்சிவப்பு வெப்பமானியால் இயந்திரத்தின் மேற்பகுதியை அளந்தோம். பளபளப்பான உலோகத்தில் இக்கருவி குறைத்துக் காட்டும் என்பதால், முன்கூட்டியே அங்கே கறுப்பு டேப் ஒட்டியிருந்தோம். 60 டிகிரி செல்சியஸைக்கூட எட்டவில்லை. முள் உண்மையைத்தான் சொன்னது.

இரண்டாவது கருதுகோள்: மின்விசிறி ஓயாமல் சுழன்று குளிர்விக்கிறது. ஆனால், நீர் ரேடியேட்டருக்குப் போனால்தானே விசிறியால் அதைக் குளிர்விக்க முடியும்? அந்த வழியைத் திறந்து மூடும் கதவுதான் தெர்மோஸ்டாட். ஆக, கதவு சரியாக மூடினால், விசிறி மட்டும் இவ்வளவு குளிர்ச்சிக்குக் காரணமாக முடியாது.

மூன்றாவது கருதுகோள்: தெர்மோஸ்டாட் மூடுவதில்லை. இதனுள் ஒரு சிறு உலோகக் குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட வெப்பநிலையில் மெழுகு உருகி விரிவடைந்து ஓர் ஊசியைத் தள்ளும்; கதவு திறக்கும். ஆறினால் மெழுகு சுருங்கும். சுருள்வில் கதவை மூடிவிடும். மின்சாரமே தேவையில்லை.

மறுநாள் காலை இயந்திரத்தை முடுக்கி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயின் வெப்பநிலையை நிமிடத்திற்கு ஒருமுறை குறித்தோம். தெர்மோஸ்டாட் நலமாக இருந்தால், இயந்திரம் சூடாகும் வரை இக்குழாய் பெரிதாகச் சூடாகாது. கதவு திறந்ததும் சட்டென்று சூடேறும். எங்கள் அட்டவணையிலோ தொடக்கம் முதலே இரண்டும் சேர்ந்தே மெதுவாக ஏறின. கதவு திறந்தே கிடக்கிறது!

இயந்திரம் ஆறிய பின் மாமா உறையைக் கழற்றினார். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வண்டி சூடாகி நின்றபோது, “நம்ம ஊருக்கு இது தேவையில்ல” என்று ஒரு பட்டறையில் அதைக் கழற்றிவிட்டார்களாம். உண்மையில் அன்று அடைத்திருந்தது ரேடியேட்டர். பின்னர் அதை மாற்றியும், தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்த யாருக்கும் தோன்றவில்லை.

புதிதாக வாங்கியதைப் பொருத்துமுன் சமையலறையில் சோதித்தோம். அதில் 82 என்று பொறித்திருந்தது. நூலில் கட்டி, பானையின் அடியைத் தொடாதவாறு நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினோம். வெப்பமானி 80 டிகிரியைத் தாண்டிய சற்று நேரத்தில் கதவு மெல்லத் திறந்தது. “அட, தானா திறக்குதே!” என்று மாமா குனிந்து பார்த்தார்.

இப்போது முள் நடுவில் நிற்கிறது, தாப்பா இறக்கத்திலும்கூட. வெள்ளைப் புகையும் சீக்கிரமே நின்றுவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை: சூடான இயந்திரத்தில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கலாம். மூடியைத் திறந்ததும் பீறிட்டுச் சுட்டுவிடும். ஓடும் இயந்திரத்தின் விசிறி, பட்டை அருகிலும் கையைக் கொண்டுபோகாதீர்கள். சோதனையைப் பெரியவர்களுடன் மட்டுமே செய்யுங்கள்.

சிந்திக்க: தெர்மோஸ்டாட் பானையின் அடியைத் தொட்டிருந்தால், அது திறந்தபோது வெப்பமானி 82-க்கு மேல் காட்டியிருக்குமா, கீழே காட்டியிருக்குமா? காரணத்துடன் உங்கள் ஆசிரியரிடம் விளக்குங்கள்.